வளைகாப்பு நூலுக்கு 12 கவிதைகள்: காதல், பெண், தாய். எங்கே திருத்தலாம்?

#1 குடமுருட்டிக்கரை

வணக்கம். ஆவணியில் ஒரு வளைகாப்பு. ஏழாம் மாதம். வருகிற உறவுக்காரர்களுக்கு வளையலோடும் கலவை சாதத்தோடும் சேர்த்துக் கொடுக்க ஒரு சிறு நூல் போடுகிறோம். 12 கவிதைகள்: காதல் 4, பெண் 3, தாய் 4, கடைசியில் ஒரு தாலாட்டு. ஊர் பாபநாசம் பக்கம் என்பதால் ஆறும் வயலும் வராமல் இருக்காது. மூன்று மாதிரிகளை இங்கே ஒட்டுகிறேன். தயவு தாட்சண்யம் வேண்டாம்.

காதல்:
உன் பார்வையில் நான் மழையானேன்
உன் மௌனத்தில் நான் மொழியானேன்
ஆடியில் பிரிந்தோம் நாம்
ஆனாலும் ஒன்றானோம்

தாய்:
நெற்கதிர் போல் தலைகுனிந்தேன்
பின்பு சூல்கொண்டேன்
முதல் பால் வெண்ணிலவாய்ச் சுரக்க
கண்ணீர் வழிய நீ அழுதாய்
அன்றுதான் நானும் பிறந்தேன்

தாலாட்டு:
காவிரித்தாய் மடியினிலே கண்வளரும் திருமகளே

தாலாட்டு இந்த ஒரு வரிக்கு மேல் நகரவில்லை. யாப்பு தெரிந்தவர்கள் கைகொடுக்கவும்.

#2 செவிலி கூற்று

முதலில் ஒரே ஒரு கேள்வி. இந்த மூன்றிலும் யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று பேசுகிறார்கள்? முதல் கவிதையில் 'நான்', 'நீ' இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் கெடாது. கெடவில்லை என்பதுதான் கோளாறு.

அகப்பாட்டு எழுதியவர்கள் இதை முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். பாட்டுக்கு அடியில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' என்று இருப்பதை நாம் பரீட்சைக்குப் படிக்கிற குறிப்பாகத் தள்ளிவிடுகிறோம். உண்மையில் பாட்டின் பாதி வேலை அதில் முடிந்துவிடுகிறது. குறுந்தொகை 167-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்'. கூடலூர் கிழார் பாட்டு, ஆறே அடி. தயிரைப் பிசைந்த விரல், கழுவாமலே உடுத்த புடவை, தாளிப்புப் புகை ஏறிய கண், தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு, 'நன்றாயிருக்கிறது' என்று சாப்பிடும் கணவன். இவ்வளவும் வேலை. மகிழ்ச்சி என்ற சொல் கடைசி அடிக்கு வந்த பிறகுதான் வருகிறது, அதுவும் 'நுண்ணிதின்'. இதைச் சொல்பவள் அந்தப் பெண் இல்லை. மகள் குடித்தனத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது வளர்ப்புத்தாய், பெற்றவளிடம் சொல்கிறாள். மணப்பெண்ணே 'நான் புடவையைக்கூடக் கழுவாமல் சமைத்தேன்' என்று பேசியிருந்தால் அது புகாராகவோ பெருமையாகவோ போயிருக்கும்.

தாய்மைக்கும் அப்படித்தான். ஐங்குறுநூறு 401, பேயனார் பாடியது. மான்குட்டியை நடுவில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் ஆணும் பெண்ணும் போல, புதல்வனை நடுவில் விட்டு இருவரும் படுத்திருக்கிறார்கள், 'இனிது மன்ற அவர் கிடக்கை'. காதலும் தாய்மையும் ஒரே பாயில், ஐந்து அடியில். இங்கும் பார்ப்பவள் செவிலி. அகத்தில் தாய் ஆனவளைப் பெரும்பாலும் வீட்டில் இன்னொருத்திதான் பார்த்துச் சொல்கிறாள். புறத்துக்கு வந்தால் தாயே பேசுவாள். காவற்பெண்டின் புறநானூறு 86-இல், தூணைப் பிடித்துக்கொண்டு 'உன் மகன் எங்கே' என்று கேட்பவளுக்கு, புலி தங்கிவிட்டுப் போன குகை போல இதோ ஈன்ற வயிறு என்று பதில் போகிறது. கேள்வி கேட்பவள் நிற்கிற இடம்கூட அந்தப் பாட்டில் தெரியும்.

செய்ய வேண்டியது: 12 கவிதைக்கும் ஒரு தாளில் மூன்று பத்தி வரையுங்கள். சொல்பவர், கேட்பவர், இடமும் பொழுதும். நிரப்ப முடியாத கவிதையை நூலில் சேர்க்காதீர்கள். 12 பேரும் ஒரே 'நான்' என்றால் ஐந்தாம் பக்கத்திலேயே படிப்பவருக்கு அலுத்துவிடும். மாமியார், தோழி, தாய்மாமன், பக்கத்து வீட்டுப் பாட்டி, வளையல்காரர் என்று குரல்களைப் பிரித்துக் கொடுங்கள்.

#3 கடைமடை

கவிதை சங்கதி பெரியவங்க பாத்துக்குங்க. நெல்லுக்கு மட்டும் ஒரு வார்த்தை.

'கதிர் போல் தலைகுனிந்தேன், பின்பு சூல்கொண்டேன்'னு இருக்கு. வரிசை தலைகீழ். நடவு, அப்புறம் தூர் கட்டுறது, அப்புறம்தான் பொதி. பொதின்னா தோகைக்குள்ளயே கதிர் உருண்டு நிக்கிற நேரம், தண்டைத் தொட்டா திரட்சியா இருக்கும். சூல்னு சொல்லணும்னா அதைச் சொல்லுங்க. பொதியிலேருந்து கதிர் வெளியே வரும், பூக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல பால் பிடிக்கும். பிதுக்கினா வெள்ளையா வரும். பூத்து ஏறக்குறைய 30 நாள்ல அறுப்பு. மணி கெட்டியாகி எடை ஏறினாத்தான் கதிர் தலை சாயும். தலை குனிஞ்ச நெல்லு பிள்ளை பெத்து வளர்த்து முடிச்ச நெல்லு. வெக்கத்துல குனியுற புதுப்பொண்ணு இல்ல.

பொதியில இருக்கறப்ப தண்ணி கட்டலேன்னா கதிர் பாதியில சிக்கிக்கிட்டு வெளிய வராது, பதராப் போகும். மசக்கை, சத்துக்குறைவுன்னு ஒரு கவிதை எழுதுறதா இருந்தா இதுல விஷயம் இருக்கு.

இன்னொண்ணு, காத்திருக்கிறதைப் பத்தி எழுதணும்னா மழை, நிலா எல்லாம் எதுக்கு? மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, அணையில தண்ணி இருந்தா. மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடும். அங்கேருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிச்சு விட்டு, மடை மடையா நிரம்பி, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்கு வர்றதுக்குள்ள மேல்மடைக்காரன் நாத்து விட்டு முடிச்சிருப்பான். வரும்னு தெரியும், என்னைக்குன்னு தெரியாது. காதலுக்கு அது போதாதா?

#4 பிரசவ வார்டு

தாய்க் கவிதையில் இரண்டு பிழை. செவிலியர் யாராவது வளைகாப்புக்கு வந்தால் சிரிப்பார்கள்.

ஒன்று, முதல் பால் வெண்ணிலவு இல்லை. சீம்பால் மஞ்சளாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். முதல் நாள் ஒரு தடவைக்கு 5 முதல் 7 மி.லி. வரைதான், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. பச்சைக்குழந்தையின் இரைப்பைக்கு அது போதும். 'பால் பத்தலை' என்று வீட்டார் பதறிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிற தவறு இந்த நேரத்தில்தான் நடக்கிறது. வெள்ளைப் பால் பெருகி வர இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். நூலை நூறு பேர் படிப்பார்கள் என்றால் மஞ்சளை மஞ்சள் என்றே எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

இரண்டு, பிறந்த குழந்தை கண்ணீர் வழிய அழாது. சத்தம் மட்டும்தான் வரும். கண்ணில் நீர் தெரிய முதல் சில வாரங்கள் ஆகும். அதேபோல் 'என்னைப் பார்த்து முதல் நாளே சிரித்தாய்' என்றும் எழுதாதீர்கள். முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு வாரம் ஒட்டித்தான். அதற்கு முன் தூக்கத்தில் தெரிவது நரம்பு வளர்ச்சியின் சிரிப்பு.

மற்ற கவிதைகளுக்கும் உதவக்கூடிய கணக்கு: மசக்கை ஆறாவது வாரம் தொடங்கிப் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தோடு தணியும். முதல் பிரசவத்தில் அசைவு தெரிவது 18 முதல் 20 வாரத்தில். முதலில் அது உதை இல்லை, உள்ளே ஏதோ துடித்தது போல இருக்கும். வயிற்றில் குழந்தையின் இதயம் நிமிஷத்துக்கு 110 முதல் 160 தடவை துடிக்கும், அம்மாவுடையதைவிட வேகம். 'நம் இருவர் இதயமும் ஒன்றாய்த் துடிக்க' என்று எழுதினால் அது நடக்காத காரியம். ஏழாம் மாதத்தில் வெளிச்சத்தம் குழந்தைக்குக் கேட்கும், ஆகவே வளையல் ஓசைக் கவிதைக்குத் தடை இல்லை.

#5 கானல்வரி

செவிலி கூற்று அக்கா சொல்வதை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். கால்வாசிக்குச் சண்டை. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று எல்லாவற்றையும் ஆணி அடித்துவிட்டால் புதுக்கவிதைக்கு மூச்சு முட்டும். யாருக்குச் சொன்னது என்று தெரியாத பாட்டுக்கும் ஒரு வேகம் உண்டு. புகார்க் கடற்கரையில் என்ன நடந்தது? கோவலன் யாழை வாங்கி, சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் நீ ஊட மாட்டாய், 'புலவாய் வாழி காவேரி' என்று பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவி எடுத்துக்கொள்கிறாள். அவள் தானும் ஒரு குறிப்பு இருப்பவள் போலப் பாட, அவன் எழுந்து போகிறான். யார் யாரை நினைத்துப் பாடினார்கள் என்ற குழப்பத்தில்தான் சிலப்பதிகாரமே நகர்கிறது.

#6 செவிலி கூற்று

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. குழம்பியது கோவலனும் மாதவியும், இளங்கோ இல்லை. யார் பாடுகிறார், யார் கேட்கிறார், யாழ் யார் கையில் என்பதெல்லாம் வாசகருக்கு வெளிச்சம். அதனால்தான் அந்தத் தவறான புரிதல் நமக்கு வலிக்கிறது. எழுதுபவருக்கே தெரியாத குழப்பம் வேறு சரக்கு.

#7 கானல்வரி

சரி, விட்டுக்கொடுக்கிறேன், முழுதாக இல்லை. 🙂 காதல் மாதிரியைக் கூற்று வைத்து மாற்றிப் பார்த்தேன். 'ஆடியில் பிரிந்தோம்' என்ற வரிதான் அதில் உயிருள்ளது, மற்ற மூன்றும் யார் வீட்டுக் கவிதைக்கும் பொருந்தும். சொல்பவள் புதுப்பெண், கேட்பவன் கணவன், இடம் திண்ணை, பொழுது ஆடி ஒன்று காலை:

அழைத்துப் போக வந்த அண்ணன்
காப்பி ஆறும்வரை பேசுகிறான்:
மேட்டூரில் எத்தனை அடி,
வாய்க்காலில் எப்போது வரும்.
நீங்கள் பதில் சொல்கிறீர்கள்.
மூன்றாம் முறை
பையின் ஜிப்பை மூடித் திறக்கிறேன்.

'பிரிவு', 'ஏக்கம்' இரண்டு சொல்லையும் வேண்டுமென்றே விட்டேன். 'நீங்கள்' போட்டதும் வேண்டுமென்றே. நம் பக்கம் அண்ணன் எதிரில் கணவனை 'நீ' என்று கூப்பிடுகிற புதுப்பெண் அபூர்வம். கவிதைக்கென்று 'நீ' போட்டால் குரல் உடனே சினிமாப் பாட்டுக்குப் போய்விடும். ஆடிப் பிரிவுக்குக் காரணமாகச் சொல்வது, ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்பது. அதையும் கவிதைக்குள் விளக்காதீர்கள். டெல்டாவில் படிக்கிறவருக்குத் தெரியும்.

அப்புறம் ஆடிப்பெருக்கு. காவிரியை அன்று கருவுற்ற பெண்ணாகப் பாவித்துத்தானே மசக்கைக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிறோம்? காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் ஆற்றுக்கு வைத்துப் படைக்கிறோம். ஒரு நதிக்கு வளைகாப்பு மாதிரி. #1-இல் இருப்பவர் காவிரியை 'தாய்' என்கிறார். அந்தப் படித்துறையில் அவள் இன்னும் பிள்ளை பெறாத, புளியோதரைக்கு ஆசைப்படுகிற பெண். அப்படி எழுதினால் புதுசாக இருக்கும்.

#8 குடமுருட்டிக்கரை

நால்வருக்கும் நன்றி. ஜிப் வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? மருதத்துக்கே உரியது ஊடல்தானே, இது மருத நிலம். ஒரு ஊடல் கவிதை வைத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களா? பெண் பகுதி மூன்றும் இன்னும் 'சக்தி, பூமி, நதி' என்ற பட்டியலாகவே நிற்கின்றன.

#9 செவிலி கூற்று

ஊடல் வைக்கலாம், ஆனால் எந்த ஊடல் என்று பார்த்து வையுங்கள். குறுந்தொகை 8-ஐப் பாருங்கள். வயலோரத்து மாமரத்திலிருந்து விழும் பழத்தைக் குளத்து வாளை கவ்வும் ஊர்க்காரன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சு, தன் வீட்டில் கையும் காலும் தூக்கினால் தூக்குகிற கண்ணாடிப் பாவை போல 'தன் புதல்வன் தாய்க்கு' ஆடுகிறான். பேசுபவள் பரத்தை. மனைவியைப் 'புதல்வன் தாய்' என்கிற அந்த ஒரு சொல்லில் இருக்கிற இளக்காரத்தைக் கவனியுங்கள். ஐங்குறுநூற்றின் மருத நூறு இன்னும் காரம். ஓரம்போகியார் 24-ஆம் பாட்டில், தாய் சாகப் பிறக்கும் நண்டும் தன் பிள்ளையையே தின்னும் முதலையும் உள்ள ஊர் அவனுடையது என்கிறார். தாய்மை அங்கே வசையாகிறது. கவிதையாக அற்புதம். வளைகாப்புப் பந்தியில் வேண்டாம்!

வீட்டுக்குள் நடக்கிற ஊடல் போதும். புளிப்பு மாங்காய் வாங்கிவரச் சொன்னால் இனிப்பு மாம்பழத்தோடு வந்து நிற்கிற கணவன். தோழி கூற்றாக எழுதுங்கள், கேலி தானே வரும்.

பெண் பகுதிக்கு: பட்டியலை விடுங்கள். குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியார் செய்வதைப் பாருங்கள். கன்றும் குடிக்காமல் கலத்திலும் படாமல் நல்ல பசுவின் பால் நிலத்தில் சிந்தினாற்போல, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் என் அழகைப் பசலை (பிரிவால் உடலில் படரும் வெளிறிய நிறம்) உண்கிறது. ஒரே ஒரு காட்சி, அதை விட்டு நகரவே இல்லை. மூன்று கவிதைக்கு மூன்று காட்சி எடுத்தால் போதும்.

பெண் தன் விருப்பத்தைத் தானே சொல்வது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. தஞ்சை மராட்டியர் அரசவையில், பிரதாபசிம்மர் காலத்தில், முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனம் அப்படிப்பட்டது. அதை 1910-இல் முழுமையாக அச்சேற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பியவர். ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு அந்த நூலைத் தடைசெய்தது. சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை நீங்கியது. ஆகவே முகம் சுளிப்புக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம்.

#10 அசைபிரிப்பவர்

தாலாட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

'ஆராரோ ஆரிரரோ' என்பதையே அசை பிரியுங்கள். தனித்து நிற்கும் குறிலோ நெடிலோ நேர்; குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. பின்னால் வரும் ஒற்று கணக்கில்லை. ஆ/ரா/ரோ: நேர் நேர் நேர், தேமாங்காய். ஆ/ரிர/ரோ: நேர் நிரை நேர், கூவிளங்காய். இரண்டும் காய்ச்சீர் (நேரில் முடியும் மூவசைச் சீர்), இரண்டும் நேரில் தொடங்கி நேரில் முடிகின்றன. தொட்டில் ஒரு பக்கம் போய் வர ஒரு சீர். கடைசி நேரில் குரலை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். தாலாட்டு யாப்பின் சூட்சுமம் இதில் பெரும்பகுதி அடங்கிவிட்டது.

ஊரில் பாடுகிற கண்ணி (இரண்டு வரிப் பாட்டு) ஒன்று: 'மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூ செண்டாலே'. தேமா (மா என்றால் நேரில் முடியும் ஈரசைச் சீர்), புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்காய். மா முன் நிரை, காய் முன் நேர், மறுபடி காய் முன் நேர். சுத்தமான வெண்டளை (வெண்பாவுக்குரிய தொடுப்பு), ஏட்டைத் தொடாத பாட்டிகள் வாயில். மோனை முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும்: மா, ம. அடுத்த வரி 'அத்தை அடிச்சாளோ அரளிப்பூ செண்டாலே' என்று வரும்போது, அடிச்சாளோ என்ற காய்க்குப் பின் அர என்று நிரை வருகிறது. கலித்தளை. பாடுகிறவர் அங்கே லேசாகத் தாவிப் போய்விடுவார், தொட்டில் நிற்காது. ஒரு வரியில் ஒன்று இருக்கலாம்.

இப்போது உங்கள் வரி: காவிரித்தாய், மடியினிலே, கண்வளரும், திருமகளே. கூவிளங்காய், கருவிளங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். இலக்கணப் பிழை இல்லை. எல்லாம் காய்தான், மோனையும் உண்டு. ஆனால் குறில் குவிந்து கிடக்கிறது. காய்க்குப் பின் இரண்டு இடத்தில் நிரை வருகிறது. ஓடுகிறது, ஆடவில்லை. கும்மிக்குக் கொடுத்தால் கை தட்டலாம், குழந்தை தூங்காது. இரண்டாவது கோளாறு, 'திருமகளே'. பிறக்கப்போவது யார் என்று தெரியாது, தெரிந்துகொள்வதும் சட்டப்படி குற்றம்.

படி இப்படி: முதலில் சொல்ல வேண்டியதைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். பிறகு நான்கு சீராக வெட்டுங்கள். முதல் சீர் தேமா அல்லது புளிமா, இரண்டாம் சீர் நிரையில் தொடங்கும் காய், மூன்றும் நான்கும் நேரில் தொடங்கும் காய். கடைசிச் சீர் கூவிளங்காயாக அமைந்தால் 'ஆரிரரோ' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்றிலும் மூன்றிலும் மோனை. இரண்டு வரியின் முதல் சீர்களுக்குள் எதுகை. கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசைச் சீர்) வந்தால் அந்தச் சொல்லையே மாற்றுங்கள்.

வாய்க்கால் நிறைஞ்சாச்சு வாளைமீன் துள்ளுதம்மா
தாய்ப்பால் குடிச்சாச்சு தங்கமே கண்ணுறங்கு

'தங்கமே' மட்டும் கூவிளம் (நேர் நிரை), விளம் முன் நேர் வருவதால் வெண்டளை கெடவில்லை. 'துள்ளுதம்மா' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். 'துள்ளுதடா', 'துள்ளுதடி' இரண்டும் அசையில் அதே அளவுதான், பிறந்த பிறகு பாடுகிறவர் மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொன்று:

குறுவை அறுத்தாச்சு கூடமெல்லாம் நெல்லாச்சு
சிறுவாய் சிரிச்சாச்சு சீக்கிரமாய்க் கண்ணுறங்கு

முதலில் 'குதிரெல்லாம்' என்றுதான் வாயில் வந்தது. காய்க்குப் பின் நிரை என்பதால் 'கூடமெல்லாம்' ஆக்கினேன். வரி மாறுகிற இடத்தில் காய்க்குப் பின் 'சிறு' வருகிறது, அங்கே மூச்சு விடுவதால் தெரியாது.

எட்டுக் கண்ணி போதும். அதில் ஒன்று தாய்மாமனுக்கு, ஒன்று அத்தைக்கு, இரண்டு பாட்டிகளுக்கும் ஆளுக்கு ஒன்று. காப்பு, தண்டை, அரைஞாண், தொட்டில் என்று யார் என்ன சீர்வரிசை கொண்டுவருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். யாராவது ஒருவரை விட்டால் நூல் வெளியீட்டு அன்றே பஞ்சாயத்து.

#11 கடைமடை

பாட்டு நல்லா இருக்கு சார். காலம்தான் இடிக்குது. ஆவணியில ஏழாம் மாசம்னா பிள்ளை பொறக்கிறது ஐப்பசிக் கடைசி, கார்த்திகை. வார்டு மேடம் சொன்ன ஆறு வாரத்தைக் கூட்டுங்க, சிரிக்கிறப்ப மார்கழி. குறுவை புரட்டாசி, ஐப்பசியிலேயே அறுத்து வித்துட்டிருப்பான், கூடத்துல ஏது நெல்லு? மார்கழியில சம்பா நிக்கும், பால் பிடிக்கிற சமயம்.

#12 அசைபிரிப்பவர்

ஏற்றுக்கொண்டேன். அப்படியானால்:

சம்பா பயிரெல்லாம் சாமத்தில் பால்பிடிக்கும்
தெம்பாய்ச் சிரிச்சபுள்ள தேம்பாம கண்ணுறங்கு

தளை முழுக்க வெண்டளை. 'புள்ள' ஆணா பெண்ணா என்று கேட்காது.

#13 பிரசவ வார்டு

எல்லாக் கவிதையும் மங்களமாகவே முடிய வேண்டுமா? வளைகாப்புக்கு வருகிறவர்களில் குழந்தைக்குக் காத்திருப்பவர் இருப்பார், குறைமாதத்தில் இழந்தவர் இருப்பார். 'தாயானால்தான் பெண் முழுமை' என்ற வரி பெண் பகுதியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவர் நிலைமை சங்கடம்.

#14 செவிலி கூற்று

அதற்கு முன்னோடி உண்டு, நம் பக்கத்துத் திருக்கண்ணபுரத்தையே வைத்து. குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் 'மன்னுபுகழ்' என்று தொடங்கி, கணபுரத்துக் கருமணியைக் கோசலையின் வாயால் 'இராகவனே தாலேலோ' என்று தாலாட்டுகிறார். எல்லோரும் பாடுவது அந்தப் பதிகம். அதற்கு முந்திய பதிகம் தேவகி கூற்று. பெற்றவள், ஆனால் தாலாட்டக் கொடுத்து வைக்கவில்லை. 'தாயரில் கடையாயின தாயே' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். 'தாலோ' என்ற சொல் அங்கேயும் வருகிறது, பாட முடியாமல் போன தாலாட்டாக. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, அதுவும் ஆண். பிள்ளைத்தமிழும் அப்படித்தான், புலவர் தாயாக நின்று பாடுவது. வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமியைக் குமரகுருபரர் பாடியதும் அந்தக் குரலில். ஆகையால் தாய்ப் பகுதியில் ஒரு கவிதையைத் தந்தை எழுதட்டும், அல்லது தாலாட்டப் பிள்ளை இல்லாத அத்தை ஒருத்தி பேசட்டும்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் உதவும். காப்பு மூன்றாம் மாதம், செங்கீரை ஐந்து, தால் ஏழு, சப்பாணி ஒன்பது என்று போகும், நூலுக்கு நூல் சற்று மாறும். ஒரு முழங்காலை ஊன்றித் தலை தூக்கி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி. குழந்தையின் உடம்பை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்! பத்துப் பருவம் வேண்டாம், செங்கீரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

#15 கானல்வரி

தாய்க் கவிதைக்கு என் திருத்தம். சொல்பவள் தாய், கேட்பது குழந்தை, இடம் பிரசவ அறை, இரண்டாம் நாள். 'அன்றுதான் நானும் பிறந்தேன்' போய்விட்டது. அந்த வரி இல்லாத தாய்மைக் கவிதை கிடைப்பதுதான் இப்போது அரிது.

கண்ணீர் இன்னும் வரவில்லை உனக்கு,
அழுகை மட்டும் வந்திருக்கிறது.
மஞ்சளாய் ஒரு கரண்டிப் பாலுக்கு
எத்தனை பேர் யோசனை!
அத்தை பூண்டு என்கிறார்,
நாகப்பட்டினத்துப் பாட்டி
சுறாப்புட்டு என்கிறார்.
நீ ஒன்றும் சொல்லாமல்
வாயால் தேடுகிறாய்.

#16 அச்சுக்கூடம்

அச்சு பற்றிச் சுருக்கமாக. ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடிப்பதானால் பக்கம் நான்கின் மடங்காகத்தான் வரும். 12 கவிதைக்கு 12 பக்கம், மூன்று தாள், மேலட்டைக்கு ஒன்று. ஏ5 பக்க அகலம் 148 மி.மீ. இருபுறமும் 18 விட்டால் 112 மிஞ்சும். தாலாட்டு வரிகள் நீளம் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் 11 அல்லது 12 புள்ளியில் வைத்து ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். நான்காம் சீர் மடங்கிக் கீழே விழுந்தால் இரண்டிரண்டு சீராக நீங்களே உடையுங்கள், கணினியை உடைக்க விடாதீர்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும் கடைகளில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் மெய்ப்பில் தேடிப் பாருங்கள்.

#17 குடமுருட்டிக்கரை

மூன்று பத்தித் தாளை நிரப்பியாயிற்று. ஐந்து கவிதைக்குக் கேட்பவரே இல்லை, ஐந்தையும் எடுத்துவிட்டேன். அவற்றின் இடத்தில் வருவன: கடைமடை (சொல்பவள் தலைவி, கேட்பவன் மடைக்காரன்), மாங்காய் (தோழி), படித்துறையில் காவிரி (பக்கத்து வீட்டுப் பாட்டி), செங்கீரை (தந்தை). ஐந்தாவதாக அத்தை கூற்று. அதை அத்தையிடமே காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன். தாலாட்டில் ஆறு கண்ணி தேறியிருக்கிறது. மாமன் சீர் என்ன என்று இன்னும் மாமனுக்கே தெரியவில்லையாம்.

#18 அசைபிரிப்பவர்

தெரியாவிட்டால் 'தண்டை' என்றே போடுங்கள். தேமா, முதல் சீருக்குச் சரியாக இருக்கும். நூலைப் பார்த்துவிட்டு அவர் வாங்கிவிடுவார்.